கிணத்துத் தூர் வாரினப்போ மூணடி விலாங்கு: இது எங்கிருந்துவே வந்துச்சு?

சேர்மாதேவிக்காரன்:
வயக்காட்டுக் கிணத்துல தூர் வாரி ஒம்பது வருசம் ஆச்சு. முந்தாநாள் ராத்திரி பூரா ரெண்டு மோட்டார் வச்சு இறைச்சோம். விடியக்காலம் தண்ணி முழங்கால் அளவுக்கு வந்ததும் மூணு பேர் உள்ள இறங்கினாவ. ஏழெட்டுக் கூடை சகதி மேல வந்திருக்கும். திடீர்னு உள்ள இருந்து "ஏ, பாம்பு பாம்பு"ன்னு சத்தம். ஒருத்தர் பாதி ஏணிக்கு வந்துட்டாரு. பெரியவர் ஒருத்தர் மட்டும் நின்ன இடத்துலயே நின்னு, "பாம்புன்னா தலையைத் தூக்கும்லா? இது சகதிக்குள்ளல்லா தலையை விடுது"ன்னு சொல்லிக்கிட்டே ஈரச்சாக்கைப் போட்டு அமுக்கினாரு. நாலு தடவை கையை விட்டு வழுக்கிட்டுப் போயி அஞ்சாவது தடவைதான் சாக்குக்குள்ள விழுந்துச்சு.

விலாங்குதான். அளந்து பாத்தா மூணு அடிக்கு ரெண்டு விரக்கடை கம்மி. முதுகு பாசி கலந்த பழுப்பு, அதுல கருப்பாத் திட்டுத் திட்டா இருக்கு. வயிறு வெளிறின மஞ்சள். தலைக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் சின்ன விசிறி மாதிரி துடுப்பு. ஒடம்புக்குக் கண்ணு ரொம்பச் சின்னது.

எனக்கு ரெண்டு விசயம் தெரியணும். கிணறு நாப்பது அடி ஆழம், சுத்திக் கல்லுக்கட்டு, வாய்க்காலோட எந்தத் தொடர்பும் கிடையாது. ஆறு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஓடுது. அப்பா கொஞ்சம் கெண்டைக் குஞ்சு விட்டாவ, அவ்வளவுதான். விலாங்கை யாரும் கொண்டாந்து விடல. இது எப்படி உள்ள வந்துச்சு? எங்க தாத்தா "விலாங்கு சகதியில தானாப் பொறக்கும்"னு சொல்லுவாவ. சின்னப்பிள்ளையில நம்பினேன், இப்போ மறுபடி நம்பணும் போல இருக்கு.

ரெண்டாவது, இதை இப்போ என்ன செய்ய? மாட்டுத் தொட்டியில தண்ணி நிரப்பிப் போட்டு, மேல பலகை வச்சிருக்கேன். வீட்டுல புறவாசல் பக்கமே வர மாட்டேங்கா.

ரசப்பொடி:
என்ன செய்யன்னு கேக்கணுமா தம்பி? அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டு வழவழப்புப் போகுற வரைக்கும் உரசுங்க. சாம்பல் இல்லன்னா கல்லுப்பு. தோலை உரிச்சிராதீய, ருசியே அதுலதான் இருக்கு. புளியைக் கெட்டியாக் கரைச்சு, பூண்டு இருபது பல்லு, நல்லமிளகு கொஞ்சம் தூக்கலா. மண்சட்டியில வச்சு மறுநாள் சாப்பிடணும். எங்க ஆச்சி மூலத்துக்கு நல்லதுன்னு சொல்லியே எங்க தாத்தாவுக்கு வாரம் ஒரு தடவை வச்சுக் கொடுத்தாவ. மூலம் போகல. தாத்தாவுக்குக் குழம்பு மட்டும் கிடைச்சுது.

டவுன் பையன்:
அண்ணே, கரண்டு அடிக்குமா? தொட்டியில கைய வச்சிராதீய.

மீனியல்காரி:
கரண்ட் அடிக்காது தம்பி. மின்சார விலாங்குன்னு சொல்றது தென் அமெரிக்காவுல அமேசான் பக்கம் இருக்கிற மீன். பேர்லதான் விலாங்கு, வம்சம் வேற. கெளுத்திக்குத்தான் அது கொஞ்சம் நெருங்கின சொந்தம்.

சேர்மாதேவி அண்ணா, நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில படிச்சவ. நீங்க எழுதின அடையாளம் நல்லாப் பொருந்துது, ஆனா ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்க. முதுகுத் துடுப்பு எங்க ஆரம்பிக்குது? ஆசனவாய்க்கு நேர் மேலயா, இல்ல அதுக்கு ரொம்ப முன்னாடியேவா? அப்புறம் முதுகுல தனித்தனியா முள்ளு குத்துதா? குத்தினா அது ஆரல். ஆரலையும் நிறைய பேர் விலாங்குன்னு சொல்லிடுறாங்க. ஆரல் நம்ம குளத்துலயே பொறந்து குளத்துலயே சாகும், அதுல புதிரே இல்ல.

சேர்மாதேவிக்காரன்:
முள்ளு இல்ல. முதுகுத் துடுப்பு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சு வாலைச் சுத்தி வந்து வயித்துப் பக்கத் துடுப்போட ஒட்டிக்கிடுது. ஒரே நாடா மாதிரி இருக்கு. பாக்கதுக்குள்ள சட்டையெல்லாம் தண்ணி.

மீனியல்காரி:
அப்போ சந்தேகமே இல்ல. அங்குவில்லா பெங்கலென்சிஸ், புள்ளி விலாங்கு. நம்ம பக்கம் ஆத்து விலாங்கு ரெண்டு வகை. புள்ளி இல்லாம ஒரே நிறமா, முதுகுத் துடுப்பு ஆசனவாய்க்கு மேல ஆரம்பிக்கிறது அங்குவில்லா பைகலர். அது பெரும்பாலும் கழிமுகம், கடலோரக் குளம்னு தாழ்வான பக்கமே நின்னுக்கும். புள்ளிக்காரிதான் ஆத்துல ஏறி ஏறி மலையடிவாரக் கசம் வரைக்கும் போறவ. ரெண்டு மீட்டர் வரைக்கும் வளரும்.

புள்ளிக்காரின்னு பெண்பாலாத் தெரிஞ்சுதான் சொன்னேன். அரை மீட்டர் தாண்டின ஆத்து விலாங்கு பெரும்பாலும் பெண்தான். குஞ்சா வர்றப்போ ஆணா பெண்ணான்னு முடிவாகியிருக்காது. கூட்டமா நெருக்கியடிச்சு வளர்ற இடத்துல ஆண் அதிகமாகும், தனியா விசாலமா வளர்றது பெண்ணாகும்.

தாத்தா சொன்னதுக்கு வர்றேன். இது சகதியில பொறக்கல, தாமிரபரணியிலயும் பொறக்கல. கடல்ல பொறந்தது. நம்ம மன்னார் வளைகுடா கூட இல்ல, ஆழக்கடல். இந்தியப் பெருங்கடல் விலாங்குகளோட சின்னஞ்சிறு குஞ்சுகள் சுமத்ராவுக்கு மேற்கே கிடைச்சிருக்கு. தாமிரபரணி கடல்ல சேர்ற புன்னக்காயல்ல இருந்து அது ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல.

டவுன் பையன்:
அக்கா, கோவிச்சுக்காதீய. சுமத்ராவுல பொறந்து சேர்மாதேவிக் கிணத்துல வந்து குடியிருந்துச்சாக்கும்? எங்க குடும்பக் குழுவுல மாமா அனுப்புற கதை மாதிரியே இருக்கு. குஞ்சு எவ்வளவு பெருசு இருக்கும்? அது எப்படி ரெண்டாயிரம் கிலோமீட்டர் நீந்தும்?

பேட்டை வாத்தியார்:
தம்பி கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் சேர்மாதேவிக்காரரின் தாத்தாவை யாரும் கேலி செய்ய வேண்டாம். கிரேக்கத்து அரிஸ்டாட்டிலும் இதையேதான் எழுதி வைத்தார். விலாங்கு ஈருயிர்ச் சேர்க்கையில் பிறப்பதில்லை, சேற்றிலிருந்து தானே தோன்றுகிறது என்பது அவர் கருத்து. விலாங்கை அறுத்தால் சினை இருக்காது. சினை இல்லாத மீனைக் கண்டவர்கள் வேறென்ன முடிவுக்கு வர முடியும்? தாத்தாவும் அரிஸ்டாட்டிலும் ஒரே சேற்றைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

பழந்தமிழில் இதற்கு மலங்கு என்று பெயர். சங்கப் பாட்டில் வயல் சேற்றில் மலங்கு மிளிரும். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுவது விலாங்கு என்ற சொலவடை எல்லாருக்கும் தெரியும். கிணற்றுக்குள் ஏணி ஏறியவருக்கு அது தலையைக் காட்டியிருக்கிறது.

மீனியல்காரி:
ஐயா சொன்ன சினை விசயம்தான் முடிச்சே. ஆத்துல இருக்கிற வரைக்கும் விலாங்குக்குச் சினை வளராது. 1876-ல சிக்மண்ட் பிராய்டு, ஆமா அதே மனநல பிராய்டுதான், மாணவரா இருந்தப்போ திரியெஸ்தே ஊர்ல ஏறக்குறைய 400 விலாங்கை அறுத்து ஆண் உறுப்பு எங்க இருக்குன்னு தேடினார். உறுதியா ஒண்ணும் சொல்ல முடியல. அந்த ஏமாற்றத்துலதான் மனுசன் மனசைத் தேடப் போயிட்டாரோன்னு எங்க வகுப்புல கிண்டல் பண்ணுவோம்.

டவுன் தம்பிக்கு: நீந்தி வரல, மிதந்து வருது. முட்டையில இருந்து வர்ற குஞ்சு விலாங்கு மாதிரியே இருக்காது. தட்டையா, கண்ணாடியா, இலை மாதிரி இருக்கும். புன்னையிலையைச் சின்னதாக்கி, பச்சையை உருவிட்டு நரம்பை மட்டும் விட்டா எப்படி இருக்கும், அப்படி. ரத்தத்துல சிவப்பு கூட கிடையாது. இதைத் தனி மீன்னு நினைச்சு 1856-ல லெப்டோசெபாலஸ்னு தனிப் பேரே வச்சுட்டாங்க. நாப்பது வருசம் கழிச்சு 1896-ல கிராசி, கலாண்ட்ருச்சியோன்னு ரெண்டு இத்தாலிக்காரங்க அதைத் தொட்டியில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. இலை சுருங்கி உருண்டு விலாங்காயிட்டு.

அப்புறம் யோகன்னஸ் ஷ்மிட்னு டென்மார்க்காரர். 1904-ல பரோ தீவுகள் பக்கம் அவர் வலையில ஒரே ஒரு இலைக்குஞ்சு மாட்டுச்சு, 77 மில்லிமீட்டர். அவர் யோசிச்ச விதம் ரொம்ப எளிமை. எந்தப் பக்கம் போனா குஞ்சு இன்னும் சின்னதாக் கிடைக்குதோ, அந்தப் பக்கம்தான் பிறந்த வீடு. அப்படியே அட்லாண்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமா அரிச்சு, 1922-ல ஐரோப்பிய விலாங்கு சர்கசோ கடல்ல பொறக்குதுன்னு எழுதினார். அதே ஆள்தான் டானாங்கிற கப்பல்ல 1928-ல இருந்து 1930 வரைக்கும் உலகத்தைச் சுத்தினப்போ நம்ம கடல் பக்கமும் வந்தார். சுமத்ராவுக்கு மேற்கே வலை போட்டு நம்ம விலாங்குகளோட குஞ்சை எடுத்தார். அந்தச் சேகரிப்பை ஜெஸ்பெர்சன் 1942-ல விரிவா எழுதினார். சுமத்ரான்னு நான் சொன்னது இதை வச்சுத்தான். மாமா கதை இல்ல.

வீரை லஸ்கர்:
நான் கன்னடியன் கால்வாயில முப்பத்தொரு வருசம் லஸ்கரா, அதான் மதகு திறந்து மூடுற ஆளா, இருந்து ஓய்வானவன். எழுத்து தட்டுனது பேத்தி, தப்பு இருந்தா அவளைச் சொல்லுங்க.

கடல்ல பொறந்ததுன்னு அந்தப் பிள்ளை சொல்லுது, சரி. ஆனா கடல்ல இருந்து சேர்மாதேவி வயக்காட்டுக்கு வரணும்னா எத்தனை அணைக்கட்டு ஏறணும், எண்ணிப் பாத்தியளா? ஆத்து முகத்துவாரத்துல இருந்து மேல வந்தா முதல்ல ஸ்ரீவைகுண்டம். அப்புறம் மருதூர், சுத்தமல்லி, பழவூர், அரியநாயகிபுரம். ஆறாவதுதான் எங்க கன்னடியன். அதுக்கு மேல நதியுண்ணி, கோடைமேலழகியான், மொத்தம் எட்டு. கன்னடியனுக்கு மேல ஏறினாத்தான் எங்க தலைமதகு வழியா கால்வாய்க்குள்ள வர முடியும்.

ஆனா ஏறும். நான் கண்ணால பாத்திருக்கேன். ஆத்துல தண்ணி ஓடுற நாள்ல, ராத்திரி டார்ச் அடிச்சா அணைக்கட்டுக் கல்லுல பாசி படிஞ்ச இடத்துல, தண்ணி வழியுற ஓரத்துல, புழு மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும். விரல் நீளம் இருக்கும். ஒரு இழுப்பு, ஒரு ஓய்வு. நான் அதைப் பாம்புக்குட்டின்னு நினைச்சிட்டு ரொம்ப நாள் மிதிக்காம நடந்திருக்கேன்.

இன்னொரு வழியும் உண்டு. கால்வாய்த் தண்ணி குளத்துல விழும், குளம் நிறைஞ்சா மறுகால் பாயும், மறுகால் தண்ணி ஓடை வழியா மறுபடி ஆத்துல விழும். கீழ இருந்து பாத்தா அது ஒரு படிக்கட்டுல்லா? ஆத்துல இருந்து ஓடை, ஓடையில இருந்து குளம், குளத்துல இருந்து மடை, வயல்.

கிணத்துக்குள்ள எப்படின்னா, தம்பி, உங்க கிணறு எந்தப் பத்துல, அதான் எந்த வயல்பரப்புல இருக்கு? 1992 நவம்பர் 13-ந்தேதி வெள்ளத்துல கிணறு முங்குச்சா?

சேர்மாதேவிக்காரன்:
அண்ணாச்சி, மயிர்க்கூச்செறியுது. முங்குச்சு. எனக்கு அப்போ ஏழு வயசு. கிணத்து மேட்டுல இருந்த மோட்டார் ரூம்புல கதவு பாதி வரைக்கும் தண்ணி. வடிஞ்ச பிறகு வயல்ல மீன் பொறுக்கினது ஞாபகம் இருக்கு. அப்போ இதுக்கு முப்பது வயசுக்கு மேல ஆகுதா?

இன்னொண்ணு. அப்பா விட்ட கெண்டை எதுவும் தூர் வாரினப்போ கிடைக்கல. எல்லாம் செத்திருக்கும்னு நினைச்சோம். இப்போ புரியுது.

மீனியல்காரி:
கெண்டை, தவளை, தலைப்பிரட்டை, நண்டு, எதையும் விட மாட்டா.

முப்பது வயசு நடக்காத காரியம் இல்ல. இரை கம்மியான கிணத்துல மெதுவாத்தான் வளரும். சுவீடன்ல பிரான்டெவிக் ஊர்ல 1859-ல ஒரு பையன் கிணத்துல விட்ட விலாங்கு 2014-ல தான் செத்துச்சுன்னு சொல்லுவாங்க. 155 வருசம். ஊர்க்காரங்க சொன்ன கணக்கு அது, நான் பாதி உப்புப் போட்டுத்தான் எடுத்துக்குவேன்.

நீளத்தை வச்சு வயசு சொல்ல முடியாது. சரியாத் தெரியணும்னா தலைக்குள்ள காதுக்கல் இருக்கு, ரொம்பச் சின்னது. அதை எடுத்துத் தேய்ச்சு நுண்ணோக்கியில வச்சா மரத்துல வளையம் எண்ணுற மாதிரி எண்ணலாம். அந்தக் கல்லுல ஸ்ட்ரான்சியம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவுன்னு பாத்தா எந்த வயசுல உப்புத்தண்ணி, எந்த வயசுல நல்லதண்ணின்னு வரிசையா வந்துரும். கடல்தண்ணியில ஸ்ட்ரான்சியம் அதிகம். முழு ஜாதகமும் அதுக்குள்ள இருக்கு.

ஆனா அதைப் படிக்கணும்னா தலையைப் பிளக்கணும்.

சேர்மாதேவிக்காரன்:
அப்போ வயசு தெரிய வேண்டாம்.

ரசப்பொடி:
தலையை அந்தப் பிள்ளைக்கு அனுப்பிட்டு உடம்பைக் குழம்பு வைங்கன்னுதான் சொல்ல வந்தேன். வேண்டாம், வாபஸ் வாங்கிக்கிடுதேன். முப்பது வயசுன்னு கேட்டதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு.

வளவன் ஒசாகா:
சொந்த ஊர் பாளையங்கோட்டை, இப்போ வேலை ஒசாகாவுல. இங்க ஜூலைக் கடைசியில எருது நாள்னு ஒண்ணு வரும், அன்னைக்கு ஊரே விலாங்கு சாப்பிடும். வெயிலுக்குத் தெம்புன்னு நம்பிக்கை. முதுகுப் பக்கமோ வயித்துப் பக்கமோ பிளந்து, சோயா சாறு தடவிக் கரியில வாட்டிச் சோத்து மேல வச்சுத் தருவாங்க. ரெண்டாயிரம் ரூபாய்க்குக் குறைஞ்சு நல்ல கடையில கிடைக்காது.

ஒரு விசயம் கவனிச்சேன். இவ்வளவு சாப்பிடுற ஊர்ல நான் போன ஒரு இடத்துலயும் பச்சையா வைக்கல. எல்லா மீனையும் பச்சையா வெட்டி வைக்கிறவங்க இதை மட்டும் ஏன் வாட்டுறாங்கன்னு கேட்டேன். விலாங்கு ரத்தத்துல விசம் இருக்காம், சூடு பட்டாத்தான் முறியுமாம். அண்ணே, கையில வெட்டுக்காயம் இருந்தா, அதோட ரத்தம் படாம பாத்துக்கோங்க.

இங்க பண்ணையில வளக்குறதும் உண்மையான வளர்ப்பு இல்ல. முகத்துவாரத்துல கண்ணாடிக் குஞ்சைப் பிடிச்சு வந்துதான் தொட்டியில பெருசாக்குறாங்க. 2010-ல ஆய்வகத்துல முட்டையில இருந்து ரெண்டாம் தலைமுறை வரைக்கும் கொண்டுவந்துட்டாங்க, ஆனாலும் கடை கடையா விக்கிற அளவுக்கு அது இன்னும் வரல. ஜப்பான் விலாங்கை 2014-ல அழியும் ஆபத்துல இருக்கிற பட்டியல்ல சேத்தாச்சு.

இந்த வகை விலாங்கு எங்க முட்டையிடுதுன்னு சுகமோட்டோ குழு 2009 மே மாசம் கண்டுபிடிச்சுது. மரியானா தீவுகளுக்கு மேற்கே, நடுக்கடல்ல 31 முட்டை எடுத்தாங்க. எந்த நாள்னு பாருங்க: அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடி.

புன்னக்காயல் வள்ளம்:
அமாவாசைன்னு படிச்சதும் எழுதாம இருக்க முடியல. எங்களுக்கு விலாங்குன்னா முதல்ல கடல் விலாங்குதான், பாறையில இருக்கிற அஞ்சாலை வேற. அஞ்சாலைக்கு அந்த விசிறித் துடுப்பு கிடையாது, கடிச்சா விடாது. ஆத்து விலாங்கு முகத்துல கிடைக்கும், பெரிய மழை பெய்ஞ்சு ஆறு கலங்கி இறங்குற நேரம். இருட்டு ராத்திரியா இருக்கணும். நிலா வெளிச்சத்துல ஒண்ணு கூட வராது.

அப்படி இறங்கி வர்றதுக்கும் நீங்க எழுதின விலாங்குக்கும் ஒத்துப்போகல. நான் பாத்தது கரிய முதுகு, வயிறு வெள்ளியா மின்னும், கண்ணு முழிச்ச மாதிரிப் பெருசா இருக்கும். அறுத்தா குடல் சுருங்கி நூலா கிடக்கும், உள்ள இரையே இருக்காது. கெழடு தட்டிட்டுன்னு நினைச்சு விலை குறைச்சுக் கேப்பான் வியாபாரி.

குஞ்சு வர்றதையும் பாத்திருக்கேன். கடல் ஏத்தத்தோட வரும். வாளியில தண்ணி மோந்தா ஒண்ணும் தெரியாது, வெயில்ல பிடிச்சாக் கடுகு மாதிரி ரெண்டு கண்ணு மட்டும் ஓடும். கடல் வத்தம் ஆரம்பிச்சா எங்க போகுதுன்னே தெரியாது.

மீனியல்காரி:
அண்ணாச்சி, வத்தத்துல அடியில போய்ப் படுத்துக்கும். ஏத்தம் வந்தா மேல எழும்பி அந்த ஓட்டத்துலயே உள்ள வரும். நீந்துற செலவு மிச்சம். உங்க கண்ணுக்கு எந்தக் கருவியும் ஈடில்ல.

கெழடு தட்டிட்டுன்னு வியாபாரி சொன்னது பாதி சரி. கல்யாணத்துக்குக் கிளம்புற கோலம் அது. ஆழக்கடல் இருட்டுக்குக் கண்ணு பெருசாகுது, மேல இருந்தும் கீழ இருந்தும் பாக்குறவனுக்குத் தெரியாம முதுகு கருக்குது, வயிறு வெளுக்குது. சாப்பாட்டை நிறுத்திடுறா, குடல் சுருங்குது. சேத்து வச்ச கொழுப்பை வச்சே அவ்வளவு தூரமும் போகணும், சினையும் போற வழியிலதான் முத்தும். ஒரே தடவை முட்டை, அத்தோட முடிஞ்சிரும். கடல்ல விலாங்கு முட்டையிடுறதை இதுவரைக்கும் ஒரு மனுசனும் கண்ணால பாத்ததில்ல.

இதை வச்சு சேர்மாதேவி அண்ணாவோட ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிரலாம். உங்க விலாங்குக்குச் சின்னக் கண்ணு, மஞ்சள் வயிறு. இன்னும் கிளம்புற வயசு வரல, இல்ல கிணத்துல அடைஞ்சு கிடந்ததுல வரல. அவளைக் காரில ஏத்திப் புன்னக்காயல்ல கொண்டு விட வேண்டாம். ஓடுற தண்ணியில விட்டாப் போதும். எப்போ போகணும்னு அவளுக்குத் தெரியும்.

டவுன் பையன்:
நான் சொன்னதை வாபஸ் வாங்குதேன் அக்கா. ஆனா ஆத்துல எங்க விட? வண்ணார்பேட்டைப் பக்கம் விட்டா அமலைச்செடிக்கும் சாக்கடைக்கும் நடுவுல கெடக்கணும். கோடையில ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழ ஆறு எங்க இருக்கு? மணல் அள்ளின பள்ளத்துல நாலு குட்டை. கல்யாணத்துக்குக் கிளம்பினவ குட்டையில நின்னுட்டா?

வீரை லஸ்கர்:
அந்தத் தம்பி சொல்லுறதுல நியாயம் இருக்கு. இறங்குறதாவது வெள்ளத்துல நடந்துரும், ஏறுறதுதான் வரவரக் கஷ்டம். பழைய கல்லுக்கட்டுல சந்து இருக்கும், பாசி இருக்கும், குஞ்சு பிடிச்சு ஏறும். மராமத்துங்கிற பேர்ல சிமெண்டை வழுவழுன்னு பூசி விட்டுட்டாவ. பல்லி கூட ஏறாது. காரையார், சேர்வலாறு அணைக்கு மேல போகணும்னா சொல்லவே வேண்டாம், அது மலை மாதிரி நிக்கி.

வெளிநாட்டுல இதுக்கு ஏதும் செய்தாவளா பாப்பா?

மீனியல்காரி:
செய்றாங்க தாத்தா. ஐரோப்பாவுல அணை ஓரத்துல சரிவாப் பலகை வச்சு, அதுல தூரிகை மயிர் மாதிரி நட்டு, மேல கொஞ்சம் தண்ணி சொட்ட விடுவாங்க. குஞ்சு அதுக்குள்ள நெளிஞ்சு ஏறிடும். நியூசிலாந்துல அதை விட எளிமை. சிப்பி வளக்குற நார்க்கயித்தைச் சுவர்ல தொங்க விட்டுர்றாங்க, நனைஞ்சுகிட்டே இருக்கணும், அவ்வளவுதான்.

வீரை லஸ்கர்:
தேங்காநார்க் கயித்துக்கு நம்ம ஊர்ல பஞ்சமா. சரி, தம்பி, உங்க வயலுக்கு எந்த மடை?

சேர்மாதேவிக்காரன்:
அண்ணாச்சி, மடையெல்லாம் அப்புறம். ஆள் இல்ல!

ராத்திரி ஒரு மழை, பதினொரு மணி இருக்கும். காலையில பாத்தா பலகை நாலு விரக்கடை நகந்து கெடக்கு. மேல அரைச்செங்கல் வேற வச்சிருந்தேன், அது கீழ கெடக்கு. பூனைன்னு நினைச்சேன். ஆனா தொட்டி விளிம்புல கோந்து தடவின மாதிரி வழவழப்பு. கீழ ஈரமண்ணுல வளைஞ்சு வளைஞ்சு ஒரு தடம், அதுல வாழைச்சருகுத் துணுக்கு ஒட்டியிருக்கு. வாழைக்கன்னுக்கு நடுவுல போயி, வரப்புல ஏறி, அந்தப் பக்கம் வாய்க்கால்ல இறங்கியிருக்கு. அடி எண்ணினேன், நாப்பத்திரண்டு அடி. நாலு நாளா நாம எல்லாரும் எங்க விடன்னு பேசிட்டு இருக்கோம்.

வீட்டுல இப்போதான் முதல் தடவையா புறவாசலுக்கு வந்தா. தடத்தைப் பாத்துட்டு, "இந்தப் பக்கம்தான் வாய்க்கால்னு அதுக்கு யாரு சொன்னா?"ன்னு கேக்கா. யாராவது பதில் சொல்லுங்க.

மீனியல்காரி:
அண்ணிகிட்ட சொல்லுங்க, விலாங்குக்கு மோப்பம் ரொம்ப அதிகம், ஓடுற தண்ணியோட ஈரம் அதுக்குத் தெரியும். தோல் நனைஞ்சிருக்கிற வரைக்கும் தோலாலயே மூச்சு விட்டுக்கும், அதான் மழைக்குக் காத்திருந்திருக்கா. செதிள் இருக்கு, ஆனா பொடியா தோலுக்குள்ள புதைஞ்சிருக்கும், மேல அந்தக் கோந்துதான் சட்டை.

ரசப்பொடி:
அரைச்செங்கலா வச்சீங்க? அம்மியை வச்சிருக்கணும். நல்லவேளை வைக்கல.

வீரை லஸ்கர்:
அந்த வாய்க்கால் எங்க போகும்னு எனக்குத் தெரியும். கடைமடை தாண்டிக் குளத்துல விழுது. குளத்துல இப்போ அரைக்குளம் கூட இல்ல. ஐப்பசி மழை சரியாப் பெய்ஞ்சு நிறைஞ்சாத்தான் மறுகால் விழும், அது வரைக்கும் அங்கனதான் கெடக்கணும். வேற வழி கிடையாது.

புன்னக்காயல் வள்ளம்:
2023 டிசம்பர்ல பெய்ஞ்ச மாதிரி வேண்டாம் சாமி. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், எங்க ஊரைச் சுத்தித் தண்ணி. அளவாப் பெய்யட்டும்.

டவுன் பையன்:
இழையை மேல தூக்குதேன். கார்த்திகை பிறந்து பத்து நாள் ஆச்சு. அண்ணாச்சி, குளம் என்ன நிலைமை?

வீரை லஸ்கர்:
நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கு மறுகால் விழுந்துட்டு. முதல்ல ஒரு சாண், அப்புறம் முழங்கால் அளவு. தண்ணி விழுந்தாப் பயலுவ வலை கட்ட வந்துருவானுவ, அது வழக்கம்தான், நானும் சின்ன வயசுல கட்டினவன்தான். நேத்தும் நாலு பேர் வந்தானுவ. நான் வீட்டுல இருந்து நாற்காலியைக் கொண்டுபோயி மறுகால் ஓரத்துல போட்டு உக்காந்துட்டேன். பழைய லஸ்கர் உக்காந்திருக்கான்னு கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டானுவ.

டவுன் பையன்:
எவ்வளவு நேரம் அண்ணாச்சி உக்காந்திருந்தீய?

வீரை லஸ்கர்:
விடியுற வரைக்கும். நிலா இல்ல, ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல. கொசுதான் தாங்க முடியல. இன்னைக்கும் போவேன், பேத்தி போர்வை கொண்டாரேன்னிருக்கா.